பரமபதம்: தாயத்திலிருந்து தெரிவுக்கு

பரமபத சோபான படம், ஏணியும் பாம்பும் வழியே வீடுபேறு தேடும் கட்ட விளையாட்டு. விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பரமபத வாசல் திறக்கும் நாள் வைகுண்ட ஏகாதசி. அன்றிரவு கண்விழிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை ஆடுவது பழைய வழக்கம்.

நற்குணம் ஏணி, தீக்குணம் பாம்பு. உச்சியை நெருங்கியவரையும் ஒரு பெரும்பாம்பு அடிக்கட்டத்துக்கே இறக்கிவிடும். ஆனால் இதில் ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. விழுந்த தாயமே அவருடைய நல்வினையும் தீவினையும்!

அந்தத் தெரிவை ஆடுபவர் கையில் கொடுத்தவை கணினிக் கற்பனைக் கதை விளையாட்டுகள். முன்னோடி, ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா 4'. வீழ்த்த வேண்டிய இறுதி வில்லன் அதில் இல்லை. 8 நற்பண்புகளில் தேறி 'அவதார்' ஆவதே இலக்கு. பெயர் இந்து மரபிலிருந்து எடுத்தது. பார்வையற்ற மூலிகைக் கடைக்காரரிடம் காசைக் குறைத்துக் கொடுத்தாலும் அப்போது யாரும் தடுப்பதில்லை, நேர்மைக் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் குறையும். இரவலருக்கு ஈந்தால் கருணை கூடும்.

அறத்தைப் பரமபதம் படமாகக் காட்டியது. அல்டிமா அதைச் செய்துபார்க்க வைத்தது.