ஸ்டெம் செல்: வேலூர்ல நடந்ததும் விளம்பரத்துல வர்றதும்

போன வாரம் ஓ.பி.க்கு ஆலங்குடி பக்கத்துலேருந்து ஒரு அப்பா வந்திருந்தார். நாலு வயசுப் பையனுக்கு மூளை வாதம். "ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருவானாம் சார். அரை ஏக்கர் இருக்கு, வித்துடலாமா?"

அவருக்குச் சொன்ன கதையைத்தான் இந்தத் த்ரெட்ல எழுதறேன்.

1957. அமெரிக்காவுல டோனல் தாமஸ்னு ஒரு டாக்டர், 6 நோயாளிகளுக்கு வேற ஆளோட எலும்பு மஜ்ஜையை ஏத்தினார். நூறு நாள்கூடத் தாண்டல, ஆறு பேருமே இறந்துட்டாங்க. திசுப் பொருத்தம் பார்க்கிற வழி அப்போ கிடையாது. மனுஷன் விடல. 1990ல் நோபல் பரிசு வாங்கினார். நடுவுல போன 33 வருஷத்தை எந்த விளம்பரமும் சொல்லாது.

இந்தியாவுல முதல் மஜ்ஜை மாற்று 1983ல், மும்பை டாடா மெமோரியல்ல. 1986ல் வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் மாம்மன் சாண்டி குழு தலசீமியாவுக்குச் செஞ்சாங்க. தலசீமியா குழந்தைக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும், ஆயுசுக்கும். பொருத்தமான மஜ்ஜை பிடிச்சுக்கிட்டா அது நின்னுடும்.

இது எப்படி வேலை செய்யுது? மஜ்ஜையில இருக்கிற ஸ்டெம் செல்லோட பிறவித் தொழிலே ரத்தம் உண்டாக்குறதுதான். ரத்தம் ஏத்துற மாதிரி பையில தொங்கவிட்டு ஏத்தினாலே போதும், அதுவே எலும்புக்குள்ள போய்க் குடியேறிடும். அதே செல்லை மூளை வாதத்துக்குப் போட்டா? சேதமான மூளையைத் திரும்பக் கட்டுறது அதுக்குத் தெரிஞ்ச வேலையே இல்ல.

வேலூர்க் கதை அங்கேயே நிக்கல. 2024 டிசம்பர்ல அங்கேருந்து ஒரு ஆய்வு வெளியாச்சு. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள 5 பேர். அவங்கவங்க ஸ்டெம் செல்லையே எடுத்து, ஃபாக்டர் 8 மரபணுவைச் சேர்த்து, திரும்ப ஏத்தினாங்க. அதுக்கப்புறம் கண்காணிச்ச காலம் வரைக்கும் அஞ்சு பேருக்கும் ரத்தக்கசிவு இல்ல. ஜி.ஹெச்.ல ஃபாக்டர் ஊசிக்குக் காத்திருக்கிறவங்களைப் பார்த்தவங்களுக்கு இதோட அருமை புரியும்.

ஆட்டிசம், மூளை வாதம், சர்க்கரை நோய்க்கெல்லாம் ஸ்டெம் செல் இன்னும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்ல. ஐ.சி.எம்.ஆர். விதிப்படி ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யலாம். ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. லட்சம் கேக்குறாங்கன்னா நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அந்த அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பிசியோதெரபி எந்தெந்தக் கிழமை சார்?"னு கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.