கலம் நின்றது, நீலம் வந்தது: மலாக்காவில் பாரசீக மட்கலையின் தடம்

மலாக்காவின் பழைய வணிகத்தைப் பற்றி எழுதுவோர் பாரசீகரையும் தமிழரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். போர்த்துக்கேயரான தோமே பிரெஸ் தந்த வணிகர் பட்டியலில் இரு சாராரும் இருப்பது உண்மைதான். ஆனால் மட்கலச் சான்றுகள் வேறொரு கால வரிசையைக் காட்டுகின்றன. பாரசீக வளைகுடாவின் கலங்கள் இக்கடலில் உலவியது மலாக்கா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. மலாக்காவின் காலத்தில் அங்கிருந்து வந்தது கலம் அன்று. கலத்தில் தீட்டும் நீலம்.

முதற்கட்டத்தின் சாட்சி பச்சைநீல மெருகு பூசிய பெரிய சாடி. தடித்த சுவர், வெளிர்மஞ்சள் மண், தோளில் கயிறு முறுக்கியதுபோல ஒட்டிய மண்பட்டை, அதன்மேல் வழிந்து உறைந்த கண்ணாடி மெருகு. பாரசீகச் சாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். சூளைகள் பெரும்பாலும் தென் ஈராக்கில் இருந்தன, ஏற்றிய துறைகளில் ஈரானியக் கரையின் சீராஃப் முதன்மையானது. 930இல் இறந்த லியூ ஹுவா என்ற அரசியின் கல்லறையில், சீனத்தின் ஃபூசோவில், இத்தகைய மூன்று சாடிகள் முழுதாகக் கிடைத்தன. தென் தாய்லாந்தின் தக்குவாப்பா ஆற்று முகத்துவாரத்துக் கோ கோ காவ் தீவிலும் இவற்றின் ஓடுகள் உண்டு. அதே தக்குவாப்பாவில்தான் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டிலும் மணிக்கிராமம் வருகிறது. அதன் சாட்சிக் கையொப்பங்கள் பகலவி, கூஃபி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. சாடியும் கல்வெட்டும் செப்பேடும் தற்செயலாக ஒத்துப்போனவை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு ஈரானின் காஷான் நகருக்குச் செல்ல வேண்டும். குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301இல் தொழில்நுட்ப நூல் ஒன்று எழுதினார். பத்துப் பங்கு படிகக்கல் தூள், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களிமண் என்று கலவையின் அளவையே அதில் சொல்கிறார். சீனப் பீங்கானின் வெண்மையை எட்டுவதற்கு ஈரானியக் குயவர் கண்ட வழி இது. நீலம் தரும் கல் காஷானை அடுத்த கம்சர் மலையில் கிடைத்ததையும் அவர் பதிந்துள்ளார். அந்தக் கோபால்ட் வகை சீனத்தின் ஜிங்டெஜென் சூளைகளை அடைந்து, 14ஆம் நூற்றாண்டின் நீலவெள்ளைப் பீங்கானுக்கு உயிர் கொடுத்தது.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்கள் 1413இல் புறப்பட்ட பயணத்தில் பாரசீக வளைகுடா வாயிலின் ஹொர்முஸ் வரை சென்றன. திரும்பும் கப்பல்கள் மலாக்காவில் கூடிக் காற்றுக்குக் காத்திருந்ததையும், அங்கே பண்டசாலைகள் அமைத்திருந்ததையும் அக்கடற்படையுடன் சென்ற மா ஹுவான் எழுதியிருக்கிறார். ஈரானிய நீலம் அந்தப் பண்டசாலைகளில் தங்கிச் சென்றிருக்கும் என்பது என் ஊகம். வழியும் காலமும் அதற்கு இடம் தருகின்றன. இதே கடற்படைக்காகப் பொறிக்கப்பட்ட 1409ஆம் ஆண்டு இலங்கைக் காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் உள்ளது. இந்தக் கடல்வழியில் எந்த மொழிகள் செல்லுபடியாகும் என்பது சீன அரசவைக்குத் தெரிந்திருந்தது.

என் வாதத்துக்கு ஒரு தடை உண்டு. மட்கல ஆய்வாளர் ராக்ஸானா பிரவுன் ஆராய்ந்த கப்பல் சிதைவுகளில், 15ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு சீன நீலவெள்ளை மிக அரிது. சயாம், வியட்நாம் கலங்களே அந்த இடத்தை நிரப்பின. ஆகவே மலாக்கா சுல்தான்களின் நகரில் நீலவெள்ளை வீட்டுக்கு வீடு இருந்தது என்று கொள்ள முடியாது. ஆயினும் இதனால் அந்த வாதத்தின் அளவு சுருங்குகிறதே தவிர, திசை மாறவில்லை.

மலேசியத் தமிழர் வரலாற்றை மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா ரப்பர்த் தோட்டங்களிலிருந்தோ, மிஞ்சினால் காஜா பேராங் செட்டிகளிடமிருந்தோ தொடங்குவது நம் பழக்கம். பானையோட்டை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது சொல்லக்கூடியது உண்டு. ஈரானிய நீலத்தில் இரும்பு மிகுதி, மாங்கனீசு குறைவு. சீனத்து உள்நாட்டு நீலத்தில் இது தலைகீழ். ஓட்டைச் சிதைக்காமலே ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனையால் இதை அறியலாம். மலாக்கா ஆற்றங்கரையில் கிடைக்கும் 15ஆம் நூற்றாண்டு ஓடுகளை வடிவத்தை வைத்து மட்டும் வகைப்படுத்தாமல், முதலில் இந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.