ஐஸ் ஹவுஸ்: அமெரிக்காவின் பனிக்கட்டி சென்னைக்கு வந்த கதை



வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இதைப் பள்ளியில் படித்து, இரண்டு மார்க் வாங்கிவிட்டு, அடுத்த வருடமே மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த இரண்டும் ஒன்றில்லை என்பதால்தான் அமெரிக்காவின் ஏரியில் உறைந்த ஐஸ், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி நம் நாட்டுக்கு வந்து விலை போனது. அதற்குச் சாட்சியாக ஒரு கட்டடம் இன்றும் சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. அந்தக் கதைதான் இன்று.

முதலில் கொஞ்சம் அறிவியல்

18ஆம் நூற்றாண்டின் நடுவில்கூட விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைத் தவறாக நினைத்திருந்தார்கள். உருகும் நிலைக்கு வந்துவிட்ட ஐஸுக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் போதும், மொத்தமும் தண்ணீராகிவிடும் என்று நம்பினார்கள்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக் இதைச் சந்தேகப்பட்டார். அப்படியென்றால் மலை மேல் கிடக்கும் பனி முழுவதும் ஒரே நாளில் உருகி ஊரையே வெள்ளம் அடித்துப் போயிருக்க வேண்டுமே? 1760களின் தொடக்கத்தில் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு குடுவையில் ஐஸ். இன்னொன்றில் ஏறக்குறைய அதே குளிர்ச்சியில் தண்ணீர். இரண்டையும் ஒரே அறையில் வைத்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது. ஐஸ் உருகி அதே அளவுக்கு வர பத்தரை மணி நேரம் பிடித்தது!

இரண்டு குடுவைக்கும் அறையிலிருந்து வெப்பம் ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. ஐஸ் வாங்கிய வெப்பம் எங்கே போயிற்று? வெப்பநிலை ஏறவில்லை. திடத்தைத் திரவமாக்கவே அது செலவாகிவிட்டது. வெப்பமானிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதால்தான் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரி இருந்தால் ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்கே சூடாக்கிவிடலாம்.

ஐஸ் வியாபாரி டியூடர்

இப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு வருவோம். பிரெடரிக் டியூடர் என்பவர் 1806ல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டமும் வந்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் மனிதர் விடவில்லை. ஐஸைச் சதுரக் கட்டிகளாக வெட்டி இடைவெளி இல்லாமல் அடுக்கினால் காற்று படும் பரப்பு குறையும் என்றும், சுற்றிலும் மரத்தூள் போட்டால் வெப்பம் உள்ளே நுழையச் சிரமப்படும் என்றும் அனுபவத்தில் கண்டுகொண்டார். (பிளாக் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை.)

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது, ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். நாலு மாதப் பயணம். செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உருகிப் போன 80 டன் ஐஸ் குடித்த வெப்பம், 64 டன் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோகப் போதும். அவ்வளவு வெப்பம் உள்ளே வந்தும் மிச்ச ஐஸ் ஐஸாகவே இருந்தது. பழைய நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால் கப்பலில் தண்ணீர்தான் வந்து இறங்கியிருக்கும்.

சென்னையில்

கல்கத்தா, பம்பாயைப் போலச் சென்னையிலும் டியூடர் ஐஸ் கிடங்கு கட்டினார். ஆண்டு 1842. அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். சரக்கை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். கிடங்கைக் கடற்கரையிலேயே கட்டியதன் காரணம் புரிகிறதா? வெயிலில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

இந்த ஐஸ் யாருக்குக் கிடைத்தது? வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும்தான். படகில் சுமந்து வந்தவர்களுக்கு அது ஒரு சுமை, அவ்வளவே.

1870களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐஸ் இயந்திரம் வேலை செய்வதும் உள்ளுறை வெப்பத்தால்தான். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உறைகிறது. நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறைதான். டியூடரை வாழவைத்த தத்துவமே அவர் தொழிலை முடித்தும் வைத்தது.

காலியான கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அங்கே இளம் விதவைகளுக்கான விடுதி நடத்தினார். 1963ல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவே இல்லை.

நம்ம ஊருக்கு என்ன?

முத்துப்பேட்டையில் ஐஸ் என்றால் ஜூஸ் கடை மட்டும் இல்லை, மீன். பிடித்த மீனை ஐஸ் உடைத்துப் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்களே, அங்கே நடப்பதும் பிளாக்கின் சோதனைதான். ஐஸ் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை உருகும் ஐஸ் தொட்டுக்கொண்டிருக்கும் மீன் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே 0 டிகிரியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் சீக்கிரமே சூடேறிவிடும். வெப்பநிலை ஒன்றுதான், வெப்பம் வாங்கும் சக்தி வேறு.

ஐஸ் இல்லையென்றால் கரைக்கு வந்த மீனைக் கேட்ட விலைக்கு அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஐஸ் இருந்தால் நல்ல விலைக்கு அடுத்த ஊர் சந்தை வரை போகலாம், நாளைக் காலை வரை பொறுக்கலாம். 1842ல் துரைமார் கோப்பையில் மிதந்த பொருள், இன்று மீனவர் வீட்டு வருமானத்தைக் காக்கிறது. புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக இருப்பது, மீன் பெட்டியில் ஒரு குடும்பத்தின் அன்றாடக் கணக்கு.