பெங்களூர்த் திட்டம் (1979–1984)

பள்ளி ஆங்கிலக் கற்பித்தல் குறித்த வகுப்பறை ஆய்வு. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு இதை நடத்தினார். சென்னையிலும் கடலூரிலும் வகுப்புகள் நடந்தும் பெயரில் பெங்களூர் மட்டுமே நிலைத்தது, சற்று அநியாயம்தான்.

அதற்கு முன் சென்னை மாநிலப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழக்கும் முறை வேரூன்றியிருந்தது. அதற்காக ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குச் சங்கிலித்தொடராகப் பயிற்சியளிக்கும் முயற்சியும் நடந்தது. மாணவர்கள் வகுப்பில் பிழையின்றி ஒப்பித்தார்கள். வெளியே பேச வரவில்லை.

கவனம் பொருளில் இருந்தால் இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் துணிபு. எனவே இலக்கணப் பாடத்திட்டமே கைவிடப்பட்டது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கணக்கிடுவது போன்ற பணிகள் தரப்பட்டன. முதலில் ஆசிரியர் அதேபோன்ற ஒன்றை வகுப்போடு கேள்வி பதிலாகச் செய்வார்; பிறகு மாணவர் தனியே செய்வார். குழுவேலை தவிர்க்கப்பட்டது. பிற்காலப் பணிவழிக் கற்பித்தலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரின் மதிப்பீடு (1985) திட்டத்துக்கு ஓரளவு சாதகமாக அமைந்தது. ஆனால் ஒப்பிடப்பட்ட வகுப்புகளின் ஆசிரியர்கள் சம தகுதியுடையவர்கள் அல்லர் என்ற ஆட்சேபம் வலுவானது. பிரபுவின் நூல் 1987இல் வெளிவந்தது.