ட்ரைட்டன்: பட்டறைகளில் பிறந்த பந்தயக் குதிரை

பிரித்தானிய மோட்டார் சைக்கிள் வரலாற்றில் ட்ரைட்டன் என்ற பெயருக்குத் தனி இடம் உண்டு. ஆனால், அந்தப் பெயரில் ஒரு வண்டியை நோர்ட்டன் நிறுவனமும் தயாரிக்கவில்லை, ட்ரையம்ப் நிறுவனமும் தயாரிக்கவில்லை. நோர்ட்டனின் சட்டகத்தினுள் ட்ரையம்பின் எஞ்சினைப் பொருத்தி, இரு பெயர்களையும் ஒட்டி, இளைஞர்களும் சிறு பட்டறைக்காரர்களும் உருவாக்கிய கலப்பு வண்டியே ட்ரைட்டன்.

அந்தச் சட்டகத்தை வடிவமைத்தவர் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த றெக்ஸ் மக்கண்ட்லெஸ். 1950 இல் மான் தீவுப் பந்தயத்தில் அது முதன்முதலாக இறங்கியபோது, சீனியர், ஜூனியர் என்ற இரு பிரிவுகளிலும் முதல் மூன்று இடங்களையும் நோர்ட்டன் வண்டிகளே கைப்பற்றின. சீனியர் பந்தயத்தில் வென்றவர் ஜெஃப் டியூக். அதில் செல்வது இறகு மெத்தையில் கிடப்பதுபோல் இருக்கிறது என்று பந்தய வீரர் ஹரோல்ட் டானியல் கூறியதால், 'பெதர்பெட்' என்ற பெயர் நிலைத்தது.

எஞ்சினின் கதை வேறு. எட்வர்ட் டேர்னர் வடிவமைத்த ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் 1937 இல் அறிமுகமானது. பக்கத்தில் பக்கமாக நிமிர்ந்து நிற்கும் இரு சிலிண்டர்கள், பாரம் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. அந்த வம்சம் 650 சிசி ஆக வளர்ந்து 1959 இல் பொனவில் என்ற புகழ்பெற்ற வண்டியாக வெளிவந்தது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால், அக்காலத்து ட்ரையம்ப் சட்டகம் வளைவுகளில் நோர்ட்டனுக்கு ஈடாகாது. எனவே, சிறந்த எஞ்சினையும் சிறந்த சட்டகத்தையும் ஒன்றுசேர்க்கும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

சட்டகங்கள் கிடைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்நாளில் 500 சிசி பந்தயக் கார்களுக்கு மான்க்ஸ் நோர்ட்டன் எஞ்சின் பெரிதும் தேவைப்பட்டது. எஞ்சினைத் தனியாக விற்க நோர்ட்டன் நிறுவனம் விரும்பவில்லை. கார்க்காரர்கள் முழு வண்டியையும் வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை விற்றார்கள். எஞ்சின் இழந்த அந்தக் கூடுகளே முதல் ட்ரைட்டன்கள் சிலவற்றின் உடல்களாயின.

இந்த வண்டிகள் கூடிய இடங்களுள் முதன்மையானது, இலண்டன் வட சுற்றுவீதியில் 1938 இல் திறக்கப்பட்ட ஏஸ் கபே. போரில் குண்டுவீச்சால் சேதமடைந்து, 1949 இல் மீண்டும் கட்டப்பட்டது. மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடுவதே அங்கு கூடிய இளைஞர்களின் இலட்சியம். அதற்காகக் கைபிடிகளைத் தாழ்த்தினார்கள்; மிதிகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள்; அலுமினியத் தாங்கியும் ஒற்றை இருக்கையும் பொருத்தினார்கள். சுமையென்று தோன்றிய அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். கபே ரேசர் என்ற வடிவம் இப்படித்தான் பிறந்தது. இது வெறும் தெருவோர விளையாட்டுமல்ல. 1965 இல் பார்சலோனாவில் நடந்த 24 மணிநேரப் போட்டியில் டேவ் டெகன்ஸும் றெக்ஸ் புச்சரும் ஓட்டிய ட்ரைட்டன் வெற்றி பெற்றது.

அந்த இளைஞர்களைப் பத்திரிகைகள் நடத்திய விதத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் கடந்து செல்ல இயலவில்லை. 1964 இல் கிளாக்டன், பிரைட்டன் கடற்கரைகளில் மொட்ஸ், ரொக்கர்ஸ் என்ற இரு கூட்டத்தினரிடையே நடந்த கைகலப்புகள் நாட்டையே உலுக்கிய கலவரங்களாகச் சித்திரிக்கப்பட்டன. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972 இல் வெளியிட்ட நூலில், அந்தச் செய்திகள் எவ்வாறு ஊதிப் பெருக்கப்பட்டன என்பதை விரிவாக ஆராய்ந்தார். வீதியில் உயிரிழப்புகள் நேர்ந்தன என்பதும் மறுக்க முடியாத உண்மையே. எனினும், அந்த இளைஞர்கள் தம் கையால் கடைந்து, அராவி, பொருத்திய தொழில்நுட்பத் திறன் தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை. அதற்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை அவர்கள் கட்டிய வண்டிகளே.

1969 இல் ஏஸ் கபே மூடப்பட்டது. அதே ஆண்டில் ஹொண்டாவின் நான்கு சிலிண்டர் 750 சிசி வண்டி சந்தைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழில் சரிந்தது; 1983 இல் ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயினும், பழைய வண்டிகளின்மீதான பற்று அழியவில்லை. 2001 இல் ஏஸ் கபே மீண்டும் திறக்கப்பட்டது.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் பொதுவாக, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்கு அதைத் திருப்பவே முயல்வார்கள். ட்ரைட்டனுக்கு அப்படியொரு நாள் கிடையாது. அதை எந்த நிலைக்குத் திருப்புவது? 1960களில் ஓர் இளைஞன் துளையிட்ட தகட்டை மாற்றிப் பளபளப்பான புதிய தகட்டைப் பொருத்தினால், வண்டி அழகாகும். அவனுடைய கைரேகை அழிந்துவிடும். மறுபுறம், இன்று ட்ரைட்டன் மோகத்தில் முழுமையாக இருக்கும் நோர்ட்டன் டொமினேட்டரைப் பிரித்து அதன் எஞ்சினை அகற்றுவோரும் இருக்கிறார்கள். அன்று பெரும்பாலும் அது மலிவான பழைய வண்டி; இன்று அது அரிய வரலாற்றுச் சான்று. ஒரே செயல்தான், காலம் அதன் பொருளை மாற்றிவிட்டது.

என் எண்ணம் இதுதான்: பழைய ட்ரைட்டனை அதன் தழும்புகளோடு காப்பாற்ற வேண்டும். முழுமையான நோர்ட்டனை நோர்ட்டனாகவே விட்டுவிட வேண்டும். புதிதாகக் கட்ட விரும்புவோருக்கு, அன்றுபோல் இன்றும், உரியவர் கைவிட்ட உதிரிகள் போதும்.