ஆக்ஸ்போர்டு கோபுர உழவாரன்கள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1860-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் கோபுரத்தில் கோடைதோறும் உழவாரன் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. 1948-இல் தொடங்கிய இக்கூடுகளின் ஆய்வு, ஒரே பறவை இனத்தைப் பற்றி உலகில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் ஆய்வுகளுள் ஒன்றாகும். கூட்டுப் பெட்டிக்குள் கேமரா வைத்துக் குஞ்சு வளர்ப்பைக் காணும் இன்றைய வழக்கத்திற்கு இது ஒரு முன்னோடி.

பறவை

உழவாரனைத் தகைவிலான் குருவி எனப் பலர் மயங்குவதுண்டு. இரண்டும் வேறு குடும்பங்கள். தமிழ்நாட்டில் பனையோலையின் அடியில் கூட்டை ஒட்டி வைக்கும் பனை உழவாரன், ஆக்ஸ்போர்டு பறவையின் உறவினம். ஆக்ஸ்போர்டு உழவாரன் மே மாதத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆகஸ்டில் திரும்புகிறது. உண்பதும் உறங்குவதும் பறந்தபடியேதான். கூடு கட்டும் காலம் தவிர அது கீழே அமர்வது மிக அரிது. ஆகவே அதை அருகிலிருந்து காண வேண்டுமானால் கூட்டில்தான் காண முடியும்.

கண்ணாடி வைத்த பெட்டி

இவ்வாய்வைத் தொடங்கியவர் டேவிட் லாக் (1910–1973). பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்; 1945 முதல் ஆக்ஸ்போர்டின் எட்வர்டு கிரே பறவையியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். கோபுரத்தின் காற்றுத் துளைகளில் உழவாரன்கள் கூடு வைத்திருந்தன. லாக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் அத்துளைகளின் உட்புறம் பெட்டிகளைப் பொருத்தினர். பறவை வெளிப்பக்கத் துளை வழியே வரும். உள்ளே இருட்டில் இருப்பவர், கண்ணாடி வழியே அதைத் தொந்தரவின்றிப் பார்க்கலாம். இதில் கண்டவற்றை லாக் 1956-இல் நூலாக வெளியிட்டார்.

வெளிப்பட்ட உண்மைகள்

உழவாரன் பெரும்பாலும் 2 அல்லது 3 முட்டைகள் இடும். தாயும் தந்தையும் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து, தொண்டையில் உருண்டையாகச் சேர்த்து வந்து ஊட்டும். ஓர் உருண்டையில் சில நூறு பூச்சிகள் இருக்கும். குளிரும் மழையும் நீடித்தால் பூச்சிகள் கிடைக்கா. அப்போது குஞ்சுகள் உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு, சில நாட்கள் உணவின்றியும் தாக்குப்பிடிக்கும்.

இன்னும் அதிக முட்டைகளைப் பறவை ஏன் இடுவதில்லை? எத்தனை குஞ்சுகளுக்கு உணவூட்டி வளர்க்க இயலுமோ, அதற்கேற்பவே முட்டைகளின் எண்ணிக்கை அமைகிறது என்பது லாக்கின் கருத்து. இதைச் சோதிக்க, கிறிஸ்டோபர் பெரின்ஸ் சில கூடுகளில் குஞ்சுகளைச் சேர்த்து எண்ணிக்கையை 4 ஆக்கினார். அக்கூடுகளில் பிழைத்தவை 3 குஞ்சுகள் இருந்த கூடுகளைவிடக் குறைவு. இம்முடிவு 1964-இல் வெளியானது.

கேமராவின் வருகை

கோபுரத்தில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு ஒரு சிலருக்கே கிடைத்தது. பின்னாளில் பெட்டிகளில் கேமராக்கள் பொருத்தப்பட்டு, காட்சிகள் இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாயின. முட்டை பொரிவதையும் குஞ்சுக்குச் சிறகு முளைப்பதையும் இப்போது எவரும் பார்க்கலாம். மழைநாளில் இரை வராமல் குஞ்சுகள் அசையாமல் கிடப்பதையும் காண நேரிடும். அவை அப்படிக் கிடப்பது ஏன் என்பது இந்த ஆய்வைப் படித்தவருக்குப் புரியும்.

இன்றைய நிலை

பிரிட்டனில் உழவாரன்களின் எண்ணிக்கை 1995-க்குப் பின் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. 2021-இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன. பழைய கட்டடங்களைச் செப்பனிடும்போது சுவர்த் துளைகளையும் கூரை இடுக்குகளையும் அடைத்துவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உழவாரன் இணை ஆண்டுதோறும் தன் பழைய துளைக்கே திரும்பும் வழக்கமுடையது. துளை அடைபட்டால் அது வேறிடம் தேட வேண்டும். அதற்குள் குறுகிய கோடை கழிந்துவிடக்கூடும். இதனால் அங்கு வீட்டுச் சுவர்களில் கூட்டுப் பெட்டிகளும் உள்ளீடற்ற செங்கற்களும் வைக்கப்படுகின்றன. ஆக்ஸ்போர்டில் பறவையைப் பார்ப்பதற்காகச் செய்த பெட்டி, இன்று பல ஊர்களில் அதற்கு இருப்பிடமாகிறது.