ஸ்போட்ஸ் காரும் பெறுமானத் தேய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

கணக்கியல் கற்பிக்கும் நூல்களிலே பெறுமானத் தேய்வு பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் ஒரு மோட்டார் வண்டியுடனேயே தொடங்குகின்றது. கொள்விலை இவ்வளவு, பயன்படும் காலம் இத்தனை ஆண்டு, எஞ்சும் பெறுமதி இவ்வளவு எனக் கொண்டு, நேர்கோட்டு முறையாலோ குறைந்துசெல் மீதி முறையாலோ ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கழித்துவர, ஈற்றில் வண்டி பழைய இரும்பாகிவிடும். பாரவூர்திக்கும் வாடகைக் காருக்கும் இக்கணக்குப் பெரிதும் பொருந்துவதே. ஆயின் ஸ்போட்ஸ் கார் எனப்படும் வண்டிவகையின் கடந்த அறுபதாண்டு விலை வரலாற்றை நோக்குவோர், தேய்வு இரும்பில் நிகழ்வதைவிட வாங்குவோர் மனத்திலேயே கூடுதலாக நிகழ்கின்றது என்பதைக் காண்பர். ஒரே வண்டி, ஒரே இயந்திரம், ஒரே தகடு. அதன் விலை மட்டும் வீழ்ந்து, எழுந்து, மீண்டும் வீழ்ந்து, மீண்டும் எழுந்திருக்கின்றது.

இத்தாலியின் பெராரி நிறுவனம் 1962 தொடக்கம் 1964 வரை ஆக்கிய 250 ஜி.ரி.ஓ. என்னும் வண்டியின் கதை இதற்குத் தலைசிறந்த சான்றாகும். மூன்று லீற்றர் கொள்ளளவும் பன்னிரண்டு உருளைகளும் கொண்ட இயந்திரத்துடன் பந்தயத்துக்கெனவே அமைக்கப்பெற்ற இவ்வகையில் 36 வண்டிகளே உருவாயின. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை ஏறத்தாழ 18,000 டொலர். மூன்றாண்டுகள் தொடர்ந்து தன் வகுப்பில் உலக வெற்றியை ஈட்டித்தந்த அவ்வண்டி, இயந்திரத்தைச் சாரதிக்குப் பின்னால் கொண்ட புதிய பந்தயக் கார்கள் களத்துக்கு வந்ததும் பழையதாயிற்று. தோற்கும் பந்தயக் காருக்கு யார் விலை கொடுப்பர்? வீதியில் ஓட்டுவதற்கோ அது இரைச்சலும் வெப்பமும் மிக்க, வசதி குன்றிய வண்டி. ஆகவே 1960 களின் பிற்பகுதியில் பதினாயிரம் டொலருக்கும் குறைவாக அது கைமாறியது. ரெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரிலே, இந்த முப்பத்தாறில் ஒன்று உயர்நிலைப் பாடசாலையொன்றுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. மோட்டார் திருத்தும் பயிற்சிக்கு உதவும் என்பதே நோக்கம். 1972 இல் பாடசாலை அதனை 6,500 டொலருக்கு விற்றுவிட்டது. பாடசாலை நிருவாகத்தினரை இதன்பொருட்டு எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அன்றைய சந்தை விலையையே அவர்கள் பெற்றனர் என்பதை மறத்தலாகாது. அதே வகை வண்டியொன்று 2018 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொன்ரறேயில் நடைபெற்ற ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்கும், வேறொன்று 2023 இல் நியூயோர்க்கில் 5 கோடியே 17 இலட்சம் டொலருக்கும் விலைபோயின.

இவ்விரு விலைகளுக்குமிடையே கிடக்கும் வரலாறே ஆராயற்பாலது.

புதிய வண்டி ஏன் விலையிழக்கின்றது என்ற வினாவுக்குப் பொருளியலாளர் தந்த விடைகளுள் மிகப் புகழ்பெற்றது ஜோர்ஜ் அக்கலோவ் என்பார் 1970 இல் வெளியிட்ட கட்டுரையிலே காணப்படுகின்றது. காட்சியறையை விட்டு வெளியேறிய மறுகணமே வண்டி பெருந்தொகையை இழப்பானேன்? அதன் உடைமையாளன் அதன் குறைநிறைகளை அறிவான். வாங்க வருபவன் அறியான். நல்ல வண்டியை எவன் விற்பான் என்ற ஐயமே விலையைக் கீழே இழுக்கின்றது. விலை கீழிறங்கவே, நல்ல வண்டியை வைத்திருப்பவன் விற்க விரும்பாது விலகிக்கொள்கின்றான். ஐயம் மேலும் வலுப்பெறுகின்றது. 2001 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமான இக்கருத்து, தேய்மானத்தை உராய்விலிருந்து பிரித்து அறியாமையோடு இணைத்தது எனலாம். இதனோடு இன்னொன்றையும் சேர்த்தெண்ணல் வேண்டும். 1920 களில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அல்பிரட் சுலோனின் தலைமையில் ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தை நிலைநாட்டிற்று. ஓடக்கூடிய வண்டியையும் பழைய வண்டியென உணரச்செய்வதே அதன் சூட்சுமம். அவ்வகையில் தேய்வு உற்பத்தியாளராலேயே திட்டமிட்டு ஆக்கப்பட்ட ஒன்றுமாகும்.

புதியது வருவதை நிறுத்திவிட்டால் என்ன நிகழும் என்பதை இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபின், பல ஆண்டுகள் ஓடிய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு இங்கே கைமாறின. நிரம்பல் அடைபட்டபோது கணக்கியல் நூலின் அட்டவணை பயனற்றதாயிற்று. அரசின் ஆணையொன்று இங்கே செய்ததை, ஸ்போட்ஸ் கார்ச் சந்தையில் உற்பத்தியாளரின் எண்ணிக்கை வரையறை செய்கின்றது.

ஜேர்மனியின் போர்ஷே நிறுவனத்து 911 வகை இவ்விரு காரணங்களையும் ஒருங்கே காட்டவல்லது. 1963 இல் பிராங்போர்ட் கண்காட்சியிலே அறிமுகமான அவ்வண்டியின் இயந்திரம் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காற்றினாலேயே குளிர்விக்கப்பட்டது. 1998 உடன் அம்முறை முடிவுற்று, நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரத்தைக் கொண்ட புதிய தலைமுறை அதனிடத்தைப் பெற்றது. புதியது விரைவானது, செலவு குறைந்த முறையில் ஆக்கப்பட்டது. ஆயினும் மலிவான பொக்ஸ்டர் வண்டியோடு அது முகவிளக்குகளைப் பகிர்ந்துகொண்டமை அபிமானிகளைச் சினமூட்டிற்று. அவ்விளக்குகளைப் பொரித்த முட்டை என்று கேலிசெய்தனர். கேலியினும் கொடியது இயந்திரத்தினுள் இருந்த சிறு பெயரிங் ஒன்று. இடைத்தண்டைத் தாங்கும் அப்பெயரிங் சிதைந்தால் முழு இயந்திரமுமே அழியும். பெரும்பாலான வண்டிகளில் அக்குறை வெளிப்படவேயில்லை. ஆனால் எந்த வண்டியில் அது வெளிப்படும் என்பதை வாங்குவோன் வெளியிலிருந்து அறிய வழியில்லை. எனவே நல்லனவும் தீயனவும் ஒருங்கே விலையிழந்தன. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கொன்று 2013 இல் சமரசத்தில் முடிவுற்றது. அக்கலோவ் 1970 இல் ஏட்டில் வரைந்ததற்கு இதனினும் துல்லியமான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. இதற்கிடையில், இனி வரமாட்டா என்றாகிவிட்ட காற்றுக்குளிர் வண்டிகளோ 2010 களில் விலையேறின. மெதுவான, பழைய வண்டி விரைவான, புதிய வண்டியைவிடப் பன்மடங்கு மதிப்புப் பெற்ற விந்தை அவ்வாறு நிகழ்ந்தது.

விலையேற்றம் மட்டுமே இக்கதையாயின் அது செல்வர்தம் பொழுதுபோக்காக முடிந்திருக்கும். 1987 முதல் 1990 வரையான நான்கு ஆண்டுகள் அதனைத் துயரக் கதையாகவும் ஆக்கின. 1987 ஒக்டோபர் 19 இல் உலகப் பங்குச் சந்தைகள் சரிந்தன. கடதாசியில் நம்பிக்கையிழந்த பணம் கையால் தொடக்கூடிய பொருள்களை நாடிற்று. மறுமாதமே லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் புகாற்றி றோயல் வண்டியொன்று 55 இலட்சம் பவுணுக்கு ஏலம் போயிற்று. யப்பானிலே யென்னின் மதிப்பும் நிலத்தின் விலையும் ஏறிய வேகத்தில், பெராரி வண்டிகள் ஓவியங்களைப்போல் வாங்கப்பட்டன. பிரித்தானியச் சட்டமும் தன்னையறியாமலே இதற்குத் துணைபோயிற்று. 1965 இல் மூலதன ஆதாய வரி விதிக்கப்பட்டபோது பயணிகள் கார் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. தேய்ந்தே தீரும் பொருளென்பதால் அதில் ஆதாயம் தோன்றாது, நட்டக் கோரிக்கையே மிகும் என்பது அதன் உட்கிடை. தேய்வு நிச்சயம் என்று கருதிய சட்டம், தேயாத வண்டியை வாங்கி விற்றோருக்கு வரியற்ற ஊதியத்தை வழங்கியதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லல் வேண்டும்.

1987 இல் வெளிவந்த பெராரி எப் 40, என்சோ பெராரியின் வாழ்நாளில் அவரது ஒப்புதலுடன் வந்த இறுதி வீதிக் காராகும். 1988 ஓகஸ்டில் அவர் இறந்தபின் அதன் விலை கட்டுக்கடங்காது ஏறிற்று. கார் கையில் கிடைக்குமுன்னரே, வரிசையில் தமக்கிருந்த இடத்தை இலாபத்துக்கு விற்றோரும் உளர். நிறுவனமோ நானூறு அளவில் ஆக்கத் திட்டமிட்டு, ஈற்றில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஆக்கிற்று. அருமை கருதி வாங்கியவர்கள் அருமையைத் தீர்மானிப்பவன் உற்பத்தியாளனே என்பதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர்.

இக்காலத்தின் உள்ளியல்பை எப் 40 ஐவிடத் தெளிவாக வெளிப்படுத்துவது பிரித்தானியாவின் ஜகுவார் எக்ஸ்.ஜே. 220 ஆகும். ஜிம் றாண்டில் என்னும் பொறியியலாளரும் அவருடைய சகாக்களும் சனிக்கிழமைகளில் தம் ஓய்வுநேரத்தைச் செலவிட்டு உருவாக்கிய மாதிரி வண்டி, 1988 ஒக்டோபரில் பேர்மிங்கம் கண்காட்சியில் காட்டப்பெற்றது. பன்னிரண்டு உருளை இயந்திரம், நான்கு சக்கர உந்துகை, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், மணிக்கு 220 மைல் என்னும் இலக்கு ஆகியன கண்டோரைக் கவர்ந்தன. முந்நூற்றைம்பதுக்கு மேல் ஆக்கப்படமாட்டாது என்ற அறிவிப்போடு 1989 இறுதியில் பதிவு தொடங்கியபோது, 50,000 பவுண் முற்பணம் செலுத்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். அவர்களுள் வண்டியை ஓட்ட விரும்பியோர் எத்தனை பேர், விற்க விரும்பியோர் எத்தனை பேர் என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை ஓரளவு உணர்த்துகின்றன.

பிரித்தானியாவில் அடிப்படை வட்டிவீதம் 1989 ஒக்டோபரில் நூற்றுக்கு 15 ஆக உயர்ந்திருந்தது. டோக்கியோப் பங்குச் சுட்டெண் அவ்வாண்டின் இறுதி வர்த்தக நாளில் உச்சத்தைத் தொட்டு, 1990 முடிவதற்குள் ஐந்திலிரு பங்களவு வீழ்ந்தது. கடன் பட்டு வண்டி வாங்கியோர் கடனையடைக்க விற்றனர். எல்லோரும் ஒரே வேளையில் விற்க முற்பட்டதால் வாங்குவோர் மறைந்தனர். கோடி டொலரைத் தாண்டியிருந்த 250 ஜி.ரி.ஓ. சில ஆண்டுகளில் முப்பது இலட்சத்தை அண்டிய விலைக்கு இறங்கிற்று. எப் 40 தொழிற்சாலை விலைக்கும் கீழே சென்றது. இவ்வேளையில்தான், 1992 இல், எக்ஸ்.ஜே. 220 உடைமையாளர் கைக்கு வரத் தொடங்கியது. இயந்திரம் பன்னிரண்டு உருளையினின்று ஆறு உருளையாகவும், உந்துகை நான்கு சக்கரத்தினின்று பின்சக்கரமாகவும் மாறியிருந்தன. கதவுகளும் வழமைபோல் திறந்தன. விலையோ நான்கு இலட்சம் பவுணையும் தாண்டிவிட்டது. வண்டி மாதிரியைப்போல் இல்லை என்று பதிவாளர் முறையிட்டனர். சந்தை முன்போல் இல்லை என்பதே முறைப்பாட்டின் மூலம் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. ஏனெனில் இயந்திர மாற்றம் பதிவு தொடங்கியபோதே அறிவிக்கப்பட்டிருந்தது. தகராறு நீதிமன்றம் வரை சென்றது. பணஞ்செலுத்தி ஒப்பந்தத்தினின்று விடுபட்டோர் பலர். ஒரு வண்டியை வாங்காதிருப்பதற்காகப் பெருந்தொகை கொடுக்கும் நிலை மோட்டார் வரலாற்றில் அரிதினும் அரிது. முந்நூறுக்கும் குறைவான வண்டிகளோடு ஆக்கம் நின்றது. 1990 களின் பிற்பகுதியிலும் புத்தம்புதிய வண்டிகள் பாதிக்கும் குறைந்த விலையில் வாங்குவோரைக் காத்திருந்தன. இத்தனைக்கும் மணிக்கு 340 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய அவ்வண்டி, தன் காலத்தின் மிக விரைந்த வீதிக் கார்களுள் ஒன்றாயிருந்தது. இயந்திரத்தின் தகுதி அதன் விலையைக் காப்பாற்றவில்லை.

உற்பத்தியாளர் இவ்வரலாற்றினின்று தமக்கேற்ற பாடத்தைக் கற்றுக்கொண்டனர். குறைந்த எண்ணிக்கை, தெரிந்தெடுத்த கொள்வனவாளர், மீள்விற்பனைக்குத் தடை என்பனவே இன்றைய முறை. போர்ட் நிறுவனம் 2017 ஆம் ஆண்டின் ஜி.ரி. வண்டியை விண்ணப்பித்தோருள் தெரிவு செய்தோருக்கே விற்று, இரண்டாண்டுகளுக்கு விற்றலாகாது என ஒப்பந்தமும் வாங்கிக்கொண்டது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜோன் சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட, நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. 2018 இல் அது இணக்கமாகத் தீர்ந்தது. தன் உடைமையைத் தான் விற்பதற்கு முழு முதலும் செலுத்தியவனுக்கே உரிமையில்லை என்னும் இந்நிலை, உடைமை என்னும் சொல்லின் பொருளையே வினாவுக்குள்ளாக்குகின்றது.

எண்ணிக்கை வரையறையற்ற ஸ்போட்ஸ் கார்களுக்கோ பழைய அட்டவணையே இன்றும் பொருந்துகின்றது. 2011 இல் விற்பனைக்கு வந்த மக்லாறன் எம்.பி. 4-12 சி பலராலும் பாராட்டப்பட்ட வண்டி. ஆனால் அதனைத் தொடர்ந்து புதிய வகைகள் அடிக்கடி வெளிவந்தமையால் முதல் உடைமையாளர் பெருநட்டம் அடைந்தனர். அதே நிறுவனம் 1990 களில் 106 மட்டுமே ஆக்கிய எப் 1 வகையில் ஒன்று 2021 இல் 2 கோடி டொலரைத் தாண்டி விலைபோனது.

வரையறை செய்யப்பட்ட வண்டியும் என்றும் காப்புடையதன்று. 2016 இல் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்னும் வண்டியை 991 எண்ணிக்கையில் வெளியிட்டது. வலுமிக்க பந்தய இயந்திரத்தோடு கையால் மாற்றும் கியரையும் அது கொண்டிருந்தது, அக்காலத்து ஜி.ரி. 3 வகையில் தானியங்கிக் கியர் மட்டுமே கிடைத்தது. கையால் மாற்றும் கியர் இனி வராது என்று எண்ணியோர், தொழிற்சாலை விலையின் பன்மடங்கைக் கொடுத்து வாங்கினர். 2017 இல் புதிய ஜி.ரி. 3 வகையிலும் கையால் மாற்றும் கியரை நிறுவனம் வழங்கியது. அவ்வாண்டே பின்சிறகற்ற ஜி.ரி. 3 ரூறிங்கும், எண்ணிக்கை வரையறையின்றி, அறிவிக்கப்பட்டது. 911 ஆர் வண்டிகளில் ஓர் ஆணியும் துருப்பிடிக்கவில்லை. பலவற்றின் ஓட்டமானி சில நூறு கிலோமீற்றரையே காட்டிற்று. ஆயினும் அவற்றின் கேட்பு விலைகள் இறங்கத் தொடங்கின.